காலண்டர் படத்தில் இல்லாதவர்கள்

சென்ற மாதம் ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவுக்கு என்னைப் பேச அழைத்திருந்தார்கள். "இங்கிலாந்துக்குப் போய் வந்திருக்கிறீர்கள். லண்டனைப் பற்றி எல்லோரும் பேசியாகிவிட்டது. ஏதாவது ஒரு சின்ன ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார் காரியதரிசி. எனக்கும் அதுதான் சௌகரியம். டார்செட் ஜில்லாவில் ஷாஃப்ட்ஸ்பரி என்று ஒரு சந்தை ஊர் இருக்கிறது. அந்த ஊரைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன்.

பேசி முடித்து உட்கார்ந்தேன். முன் வரிசையிலிருந்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுந்தார்.

"அவ்வளவு பணம் செலவழித்துப் போய், அவ்வளவு அழகான ஊரைப் பார்த்துவிட்டு, அதன் சாக்கடையை மட்டும் மோந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்களே, ஐயா! மிஸ் மேயோவுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

சபை கைதட்டியது. 1927-ல் மிஸ் மேயோ இந்தியாவைப் பற்றி எழுதிய புத்தகத்தைச் சாக்கடை இன்ஸ்பெக்டரின் அறிக்கை என்று காந்தியடிகள் சொன்னார். அந்த உத்தியோகத்தை இப்போது எனக்குக் கொடுத்துவிட்டார்கள். நன்றியுரை, தேசிய கீதம் என்று விழா முடிந்துவிட்டதால் மேடையில் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

பெரியவர் மீது எனக்குக் கோபம் இல்லை. கூட்டம் முடிந்து அவரே என்னைத் தம் வீட்டுக்கு அழைத்துப்போய்க் காப்பி கொடுத்தார். கூடத்துச் சுவரில் ஒரு பழைய காலண்டர். வருஷம் தீர்ந்து தேதித் தாள்கள் போன பிறகும் படத்துக்காக மாட்டி வைத்திருந்தார். செங்குத்தாக இறங்கும் கூழாங்கல் பாதை. ஒரு பக்கம் படிப்படியாக இறங்கும் சின்னச் சின்ன வீடுகள். மறு பக்கம் பாசி படர்ந்த பிரம்மாண்டமான கல் சுவர். அதற்கப்பால் பச்சைப் பசேலென்று ஒரு பள்ளத்தாக்கு. நான் பேசிய ஊர்தான் அது! கோல்ட் ஹில் என்று அந்தச் சரிவுக்குப் பெயர். பெரியவருக்கு அது எந்த ஊர் என்று தெரியாது. "இங்கிலாந்து" என்று மட்டும் தெரியும்.

"பாருங்கள், ஒரு குப்பை உண்டா, ஒரு சுவரொட்டி உண்டா? எழுநூறு வருஷம் ஆனாலும் அப்படியே காப்பாற்றுகிறான் வெள்ளைக்காரன்!" என்றார்.

உற்றுப் பார்த்தேன். குப்பை இல்லை, சுவரொட்டி இல்லை. அதோடு ஒரு மனிதர்கூட இல்லை.

என் வழக்கு இவ்வளவுதான்: அந்தப் படத்தில் இல்லாத மனிதர்களைப் பற்றித்தான் நான் பேசினேன். அவர்களைப் பற்றிப் பேசுவது சாக்கடையை மோப்பது அல்ல. அவர்களை விட்டுவிட்டு அந்த ஊரைப் புகழ்வதுதான் அந்த ஊருக்குச் செய்யும் அவமரியாதை.

ஊர் சாமானியமான ஊர் அல்ல. எழுநூறு அடி உயரக் குன்றின் மேல், 880-ஐ ஒட்டி ஆல்ஃப்ரெட் மன்னர் காவல் நகரமாக அமைத்தது. அங்கே ஒரு கன்னிமாடம் கட்டித் தம் சொந்த மகளையே முதல் தலைவியாக வைத்தார். 978-ல் கொலையுண்ட எட்வர்ட் என்ற இள வயது அரசனின் எலும்புகளை அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். யாத்திரிகர் கூட்டம் குவிந்தது, காணிக்கை குவிந்தது, நிலம் குவிந்தது. 1035-ல் கான்யூட் மன்னர் உயிர் விட்டதும் இந்த ஊரில்தான். கிளாஸ்டன்பரி மடாதிபதியும் ஷாஃப்ட்ஸ்பரித் தலைவியும் கல்யாணம் செய்துகொண்டால் பிறக்கும் பிள்ளைக்கு அரசனைவிட அதிக நிலம் இருக்கும் என்று ஜனங்கள் கேலி பேசினார்களாம்.

1539-ல் எட்டாம் ஹென்றி அந்தக் கன்னிமாடத்தைக் கலைத்தார். எத்தனையோ தலைமுறை பக்தியோடு எழுப்பிய கோயில், கல் கல்லாகப் பெயர்த்தெடுக்கப்பட்டது. இன்று தோட்டத்துக்கு நடுவே அஸ்திவாரக் கோடுகள்தாம் தெரிகின்றன. காலண்டரில் இருக்கிறதே, அந்தப் பெரிய சுவர், அது அந்த மடத்தின் எல்லைச் சுவர். வெள்ளைக்காரன் காப்பாற்றினான் என்று பெரியவர் சொன்னது இந்த ஊரின் மிகப் பெரிய கட்டடத்துக்கே பொருந்தவில்லை! அவர்களுடைய அரசனே இடித்தான், அந்தக் கல்லையே எடுத்து ஊரார் வீடு கட்டிக்கொண்டார்கள்.

மற்றதெல்லாம் எப்படித் தப்பியது என்கிறீர்களா? 1859-ல் அந்தப் பக்கம் ரயில் வந்தபோது, குன்றின் மேல் ஏற முடியாமல் நாலைந்து மைல் தள்ளி கில்லிங்ஹாம் வழியாகப் போய்விட்டது. ரயில் போன ஊரில் பணம் புரண்டது, புதுக் கட்டடங்கள் எழுந்தன. ரயில் போகாத ஊரில் பழைய வீட்டை இடித்துப் புதிது கட்ட யாரிடம் காசு இருந்தது? காப்பாற்றினார்கள் என்பது பாதி உண்மை. கட்ட வழியில்லாமல் விட்டார்கள் என்பது மறு பாதி. வறுமை நூறு வருஷம் பழையதானால் அதற்கு அழகு என்று பெயர் வந்துவிடுகிறது.

இனி அந்தக் கூழாங்கல் பாதைக்கு வருவோம். படத்தில் பார்க்கும்போது காதலர்கள் கைகோத்து நடக்க அமைத்த பாதை போல இருக்கிறது. அது பாரம் தூக்கியவர்கள் ஏறிய பாதை. குன்றின் மேல் தண்ணீர் கிடையாது. கீழே என்மோர் கிரீன் என்ற இடத்து ஊற்றுகளிலிருந்து கழுதை மீதும் குதிரை மீதும் தலைச் சுமையாகவும் மேலே கொண்டுவர வேண்டும். அந்த ஊற்றுகளோ வேறொரு பண்ணைக்குச் சொந்தம். ஆகவே வருஷா வருஷம் வசந்த காலத்தில் ஊர்த் தலைவர் ஆட்டமும் பாட்டுமாகக் கீழே இறங்கிப் போய், ஒரு கன்றுக்குட்டியின் தலை, ஒரு ஜோடிக் கையுறை, பீர், ரொட்டி ஆகியவற்றைக் காணிக்கையாகச் செலுத்தித் தண்ணீர் உரிமையைப் புதுப்பித்துக்கொண்டு வருவார். ரிப்பனும் நாணயமும் மயில் தோகையும் தொங்கும் 'பைஸன்ட்' என்ற தண்டு ஒன்று ஊர்வலத்தில் முன்னே போகும். 1830 வரை இது நடந்தது. தாமஸ் ஹார்டி 1895-ல் வெளியிட்ட 'ஜூட்' நாவலில் இந்த ஊரை ஷாஸ்டன் என்ற அதன் பழைய பெயரால் அழைத்து, தண்ணீர் சுமந்து ஏறும் இந்தத் துன்பத்தையும் எழுதியிருக்கிறார். குடமும் இடுப்புமாய் அரை மைல் நடந்த தாய்க்குப் பிறந்த நான் அந்தச் சரிவில் நின்றபோது, பள்ளத்தாக்கின் எழில் எனக்கு இரண்டாவதாகத்தான் கண்ணில் பட்டது. எவ்வளவு செங்குத்து என்பதுதான் முதலில் பட்டது.

கூட்டத்தில் பெரியவரை அதிகம் உறுத்தியது தேர்தல் கதை. அதையும் விடப் போவதில்லை, ஏனென்றால் அதில் நமக்கும் பங்கு உண்டு.

1774-ல் இந்த ஊரில் பார்லிமெண்டுத் தேர்தல் நடந்தது. இரண்டு ஸ்தானங்கள். நின்றவர்களில் இருவர் கம்பெனி உத்தியோகத்தில் சம்பாதித்துக்கொண்டு திரும்பியவர்கள். ஒருவர் பிரான்சிஸ் ஸைக்ஸ், மற்றவர் தாமஸ் ரம்போல்டு. ரம்போல்டு துரை நமக்கு அந்நியர் அல்ல. சின்ன வயதில் சென்னைக் கோட்டைக்கு வந்து, 1754-ல் லாரன்ஸின் படையில் திருச்சிப் பக்கம் சண்டை போட்டவர். பிறகு வங்காளத்துக்குப் போய்ப் பெரும் செல்வம் சேர்த்தார். திருச்சிப் பொன்மலையைச் சுற்றித் துப்பாக்கி தூக்கியவர்களோடு சேர்ந்து தொழில் ஆரம்பித்தவர், இங்கிலாந்தின் பொன் குன்றுக்கு வாக்குக் கேட்டு வந்தார் பாருங்கள்!

வாக்குக் கேட்ட விதம் விசித்திரமானது. ஒரு சின்ன அறை. கதவில் ஓர் ஓட்டை. உள்ளே பொம்மலாட்டக் கோமாளி 'பஞ்ச்' வேஷத்தில் ஓர் ஆள். வாக்காளன் கதவருகே போனால் ஓட்டை வழியாக ஒரு பொட்டலம் வரும். அதில் 20 கினி தங்க நாணயம். அங்கிருந்து இன்னோர் அறைக்குப் போய், 'க்ளென்பக்கெட்' என்ற இல்லாத மனிதனிடம் கடன் வாங்கியதாக நோட்டு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். லஞ்சம் கடனாக மாறிவிட்டது! தோற்ற வேட்பாளர் விடவில்லை. 1775-ல் பார்லிமெண்டு விசாரித்து இருவரின் தேர்தலும் செல்லாது என்று தீர்த்தது. அடுத்த வருஷம் ஸைக்ஸ் மீது வழக்குத் தொடுத்து 11,000 பவுன் நஷ்டஈடும் வாங்கினார் அந்த வேட்பாளர்.

தண்டனை பெற்றவர்களின் பிற்காலம் என்ன? ஸைக்ஸை 1780-ல் அதே ஊரே மறுபடி தேர்ந்தெடுத்தது. ரம்போல்டு 1778-ல் சென்னை கவர்னராக நம் தலையில் வந்து உட்கார்ந்தார். 1780 ஏப்ரலில் அவர் கப்பலேறிப் போனார். சில மாதங்களில் ஹைதர் அலியின் படை கர்நாடகச் சீமைக்குள் இறங்கியது. 1781-ல் கம்பெனி அவரை வேலையிலிருந்து நீக்கியது. பார்லிமெண்டில் அவரைத் தண்டிக்க வந்த மசோதா 1783-ல் கைவிடப்பட்டது. அவர் பார்லிமெண்டு அங்கத்தினராகவே காலம் தள்ளினார்.

இதைச் சொன்னால், "ஆஹா, வெள்ளைக்காரன் நம் பணத்தைக் கொள்ளையடித்து அந்த ஊரை வளர்த்தான்" என்று நம்மில் வேறொரு கட்சிக்காரர்கள் எழுந்துவிடுகிறார்கள். அவர்களுக்கும் என் பதில் ஒன்று உண்டு. அந்தப் பொட்டலங்களால் ஊர் வளர்ந்ததா? கழுதை மீது தண்ணீர் ஏறுவது நின்றதா? பின்னால் கிராவனர் பிரபு ஊரின் பெரும் பகுதியை விலைக்கு வாங்கினார். 1830 தேர்தலில் அவர் கட்சிக்கு எதிராக வாக்களித்த குடித்தனக்காரர்களுக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் போனது. வீடும் அவருடையது, வாக்கும் அவருடையது என்பது நியாயமாகக் கருதப்பட்டது. இங்கிலாந்தில் ரகசிய வாக்கு 1872-ல்தான் வந்தது. 1919-ல் அந்தக் குடும்பத்தின் வழிவந்த ஸ்டால்பிரிட்ஜ் பிரபுவின் பங்கு கைமாறி, வீடு வீடாக, கடை கடையாக மூன்று நாள் ஏலத்தில் போயிற்று. ஓர் ஊரையே ஏலம் போட்டார்கள்! தான் பிறந்து வளர்ந்த வீட்டுக்குத் தானே ஏலத்தில் விலை கூறியவனை எந்த ஆதிக்கக்காரர் ஜாதியில் சேர்ப்பீர்கள்?

பொத்தான் கதையும் அப்படித்தான். 1622-ல் ஆபிரகாம் கேஸ் என்பவர் ஷாஃப்ட்ஸ்பரியில் பொத்தான் தொழிலைத் தொடங்கினார். ஆட்டுக்கொம்பு வில்லையின் மீது துணி போர்த்தி, நூல் சுற்றி, ஊசியால் வேலை செய்வது. அது ஊரையும் சுற்று வட்டாரக் கிராமங்களையும் இருநூறு வருஷத்துக்கு மேல் காப்பாற்றியது. செய்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அடுப்படியில் உட்கார்ந்து செய்யலாம். வயல் வேலையைவிடக் கூலியும் மேல். 1851-ல் லண்டன் கண்ணாடி மாளிகையில் மகா பொருட்காட்சி நடந்ததே, அதில் பொத்தான் செய்யும் இயந்திரம் ஒன்றையும் வைத்திருந்தார்கள். சில வருஷங்களுக்குள் கைப் பொத்தான் செத்தது. ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை போயிற்று. பசி தாளாமல் குடும்பம் குடும்பமாக ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் கப்பலேறினார்கள்.

நம் நெசவாளியின் தறியை லங்காஷயர் ஆலை தின்றது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது சத்தியம். அதே இயந்திரம் தன் சொந்த தேசத்துக் கிழவியின் ஊசியையும் தின்றது என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நம் தலைமையாசிரியரும் தம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்க மாட்டார்.

இதில் நானும் குற்றவாளி. இரண்டு வருஷக் கல்லூரிப் படிப்போடு நின்றவன் நான். அந்த இரண்டு வருஷத்தில் படித்த ஆங்கில நாவல்களை நம்பி, என் ஆரம்ப கால நாவல் ஒன்றில் சீமையிலிருந்து திரும்பிய கதாநாயகன் வாயிலாக ஒரு சிற்றூரை வர்ணித்தேன். ரோஜாக் கொடி, மாதாகோயில் மணி, சிவந்த கன்னத்துப் பால்காரி! அதைப் படித்து உருகினதாக அந்தக் காலத்தில் வந்த கடிதங்களை இன்னும் வைத்திருக்கிறேன். பார்க்காத ஊரைப் பற்றி மனிதர் இல்லாத படம் எழுதிக் காசு வாங்கியவன், காலண்டர் கம்பெனிக்காரனை என்ன சொல்ல முடியும்?

அந்தக் காலண்டர் படத்தின் புகழ்கூட ஒரு விளம்பரத்தால் பெருகியதுதான். 1973-ல் ஹோவிஸ் ரொட்டிக் கம்பெனிக்காக ரிட்லி ஸ்காட் ஒரு சிறு படம் எடுத்தார். ரொட்டிக் கடைப் பையன் ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்தச் சரிவில் ஏறுவான். பின்னணியில் ஊதுகுழல் வாத்தியம் இழையும். தேசமே அதில் தன் பாட்டன் காலத்தைக் கண்டு கண்ணீர் விட்டது. ஆனால் அந்தச் சங்கீதம் செக் நாட்டு த்வோர்ஷாக் அமெரிக்காவில் இருந்தபோது எழுதியது. அந்த ஊர் வடக்கே யார்க்ஷயரில் இருப்பதாக இங்கிலாந்துக்காரர்கள் பலரே நினைத்துக்கொண்டிருந்தார்கள். இன்று சரிவின் உச்சியில் ரொட்டி உருவத்தில் ஒரு பெரிய உண்டியல் நிற்கிறது. அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் யாரும் போவதில்லை. நானும் எடுத்துக்கொண்டேன்.

இன்றைய ஊர் எப்படி? சௌதாம்ப்டனில் வேலை பார்க்கும் என் தமக்கை மகனோடு ஸாலிஸ்பரி வரை ரயிலிலும் அப்புறம் பஸ்ஸிலும் போனேன். பஸ்ஸில் பாதிப் பேர் கிழவர்கள். மீதியில் ஒரு மலையாளப் பெண். எங்கள் தமிழ் காதில் விழுந்ததும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். முதியோர் இல்லம் ஒன்றில் வேலையாம். "குன்று மேலே வாடகை கட்டுப்படியாகாது சார், அதனால் தினம் பஸ்தான்" என்றாள். அவள் சொன்னதில் அதிசயம் இல்லை. 2021 ஜனத்தொகைக் கணக்கின்படி டார்செட் வட்டாரத்தில் பாதிப் பேருக்கு மேல் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். இங்கிலாந்து முழுவதையும் எடுத்துக்கொண்டால் அந்த நடு வயது நாற்பதுதான். உழைத்து ஓய்ந்தவர்கள் அழகான ஊரைத் தேடி வந்து வீடு வாங்குகிறார்கள். வீட்டு விலை ஏறுகிறது. அந்த ஊரில் பிறந்த இளைஞன் வெளியே போகிறான். கிழக்கே புது வீட்டு மனைகள் வயலை விழுங்கிக்கொண்டே போகின்றன. வியாழக்கிழமைச் சந்தை இன்னமும் கூடுகிறது. ஆனால் மாட்டையும் ஆட்டையும் ஏலம் விட்ட பழைய கால்நடைச் சந்தைகள் இங்கிலாந்துச் சிற்றூர்களில் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவிட்டன. பெரிய கடை ஒன்றில் ரொட்டி வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் ஒரு பெட்டி. ஏழைக் குடும்பங்களுக்காக டப்பா உணவு போடும் பெட்டி. அந்த ஊரிலும் அது காலியாக இல்லை, தேவை இல்லாமலும் இல்லை.

நானூறு வருஷமாக ஒரே கதை. தண்ணீர் சுமந்தவள், பொத்தான் தைத்தவள், நோட்டீஸ் வாங்கியவன், இன்று கிழவர்களைக் குளிப்பாட்டிச் சோறூட்டப் பஸ்ஸில் ஏறி வருகிறவள். ஊரை உயிரோடு வைத்திருப்பவர்கள் இவர்கள். படம் எடுக்கும்போது மட்டும் இவர்களைச் சற்று ஒதுங்கி நிற்கச் சொல்லிவிடுகிறோம்.

இப்போது சாக்கடை இன்ஸ்பெக்டர் பட்டத்துக்கு வருகிறேன். இந்தக் கதைகளை நான் எங்கே தெரிந்துகொண்டேன் என்று பெரியவர் கேட்கவே இல்லை. கோல்ட் ஹில்லின் உச்சியில் சின்ன மியூசியம் ஒன்று இருக்கிறது. ஊர்க்காரர்களே, சம்பளம் வாங்காமல், முறை வைத்துக்கொண்டு நடத்துகிறார்கள். அந்தப் பைஸன்ட் தண்டு அங்கேதான் இருக்கிறது, பொத்தான்களும் அங்கேதான். எழுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மாள் ஒரு பொத்தானைக் காட்டி, இத்தனை நுணுக்கமாகச் செய்து இந்தப் பெண்களுக்குக் கண் எவ்வளவு நாள் நிலைத்திருக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று என்னைக் கேட்டார். கேட்டபோது அவர் குரல் தழுதழுத்தது. ரம்போல்டு சென்னை கவர்னர் என்று நான் சொன்னதும், அப்படியானால் நம் இரண்டு ஊரையும் ஒரே ஆள் ஏமாற்றியிருக்கிறான் என்று சொல்லிக் கைகுலுக்கினார்.

அந்த அம்மாளைவிட அந்த ஊரை நேசிப்பவர் யார்? காலண்டரை மாட்டிய நம் பெரியவரா? ஊரின் பெயரையே தெரிந்துகொள்ளாத நேசம் என்ன நேசம்? மிஸ் மேயோ அந்நிய வீட்டுக் குறையை அந்நியராக நின்று உலகத்துக்குச் சொன்னார். இந்த அம்மாள் தன் வீட்டுப் பெண்களின் துன்பத்தைத் தன் வீட்டுக் கூடத்தில் வைத்து, வந்த விருந்தாளியிடம் சொல்கிறார். நான் அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். அவ்வளவுதான்.

நம்மிடம் இருப்பவை தலபுராணங்கள். எந்த ராஜா எந்தக் கோபுரம் கட்டினான் என்று அவற்றில் இருக்கும். அந்தக் கோபுரத்துக்குக் கல் சுமந்தவன் எந்தத் தெருவில் இருந்தான், ஊர்க் கிணற்றில் யாரைத் தண்ணீர் எடுக்கவிடவில்லை என்றெல்லாம் எழுதிவைத்து, சம்பளம் வாங்காமல் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குக் குரல் தழுதழுக்கச் சொல்லக்கூடிய ஒரு கிழவரோ கிழவியோ நம் ஊர்களில் எத்தனை பேர்? வெள்ளைக்காரனிடம் நாம் காப்பியடிக்க வேண்டியது கூழாங்கல் பாதையை அல்ல, அந்த அம்மாளை.

காப்பியைக் குடித்துவிட்டு இதையெல்லாம் பெரியவரிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "இருந்தாலும் படம் நன்றாக இருக்கிறது, ஐயா" என்றார். நன்றாகத்தான் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. கழற்றச் சொல்லவும் இல்லை. புறப்படும்போது அவருடைய பேனாவை வாங்கி, படத்தின் அடியில் வெள்ளையாக இருந்த இடத்தில், ஷாஃப்ட்ஸ்பரி என்று எழுதி, அதற்குக் கீழே 'தண்ணீர் சுமந்து ஏறிய பாதை' என்று எழுதிவிட்டு வந்தேன்.

அவர் அதை அழிக்காமல் இருந்தால் எனக்குப் போதும்.